அறுபது சதவீதம் வாங்கிய டீச்சர்

கிழக்குத் தாம்பரத்தில், ஏரியைத் தூர்த்து உருவான எங்கள் நகரில், மார்க் போடாமல் எதையும் மதிப்பதில்லை. மாடித்தோட்டத்துக் கத்திரிக்காய், சர்க்கரை அளவு, பாஸ்டரின் பிரசங்கம் எல்லாவற்றுக்கும் மார்க் உண்டு. மூலகாரணம் எங்கள் நலச்சங்கத் தலைவர் சுகுமார் சார். ஏதோ ஒரு தேர்வு அலுவலகத்தில் ஆயுள் முழுக்க விடைத்தாள் கட்டுகளுக்கு அரக்கு சீல் வைத்து ஓய்வு பெற்றவர். நான் அவருக்கு இணைச் செயலாளர். அதாவது, அவர் பேசும்போது தலையாட்டும் பொறுப்பு.

இப்படியிருக்க, மூன்றாவது தெரு மெட்டில்டா டீச்சருக்கு மார்பில் கட்டி. புற்றுநோய்தான் என்று தெரிந்ததும் எல்லோரும் உண்மையாகவே வருத்தப்பட்டோம். அந்த வருத்தம் ரிப்போர்ட் வரும்வரை நீடித்தது.

டாக்டர் மாளவிகா, டீச்சரையும் அவர் கணவர் தயாளனையும் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொல்லியிருக்கிறார். "கட்டிக்குள்ள உங்க உடம்போட நோய் எதிர்ப்பு அணுக்கள் நிறைய புகுந்திருக்கு. அறுபது சதவீதம். இந்த வகைக் கட்டிக்கு அது நல்ல அறிகுறி. மருந்து நல்லா கேட்கும். திங்கட்கிழமையே கீமோ ஆரம்பிச்சிடலாம்."

தயாளன் காதில் விழுந்தது அறுபது மட்டும். நேராக எங்களிடம் வந்து அதைச் சொன்னார்.

"அறுபதா? அப்ப மீதி நாப்பது எங்க போச்சு?" என்றார் சுகுமார் சார்.

"அதான் சார் புரியல. எங்க குடும்பத்துல யாரும் எண்பதுக்குக் கீழ எடுத்ததே இல்ல," என்று தயாளன் கூனிக் குறுகினார்.

அன்று மாலையே சங்கத்தின் அவசரக் கூட்டம் கூடியது. உறுப்பினர் திருமதி மெட்டில்டா அவர்களின் அணுக்கள் காட்டிய மந்தமான தேர்ச்சி குறித்து ஆழ்ந்த கவலை தெரிவித்து, மறுமதிப்பீடு கோருவதென ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. டீச்சரை யாரும் கேட்கவில்லை. டெஸ்டுக்காகக் கட்டியிலிருந்து எடுத்த சதைத் துணுக்கு கிண்டியில் இன்னொரு லேபுக்குப் போய், ஐம்பத்தைந்தோடு திரும்பி வந்தது.

சுகுமார் சார் அசரவில்லை. "மறுமதிப்பீட்டுல குறைஞ்சா பழைய மார்க்கே செல்லும். ரூல் இருக்கு."

"அப்ப இம்ப்ரூவ்மென்ட் எழுதலாமா சார்?" என்றார் தயாளன்.

"எழுதித்தான் ஆகணும். கீமோவைத் தள்ளிப் போடுங்க. அணுக்கள் நல்லா ப்ரிப்பேர் பண்ணி தொண்ணூறைத் தொட்டதும் போய்க்கலாம்."

உடனே நகர் முழுக்க எதிர்ப்பு சக்தி பொங்க ஆரம்பித்தது. டீச்சர் வீட்டுக்கு வேளைக்கொரு கஷாயம் வந்து இறங்கியது. கசப்புக்கும் மார்க் போட்டோம். ஜோவிதா என்பவர் கேம்ப் ரோட்டில் அணுக்களுக்கான தன்னம்பிக்கை வகுப்பு தொடங்கினார். ஒரு நோயும் இல்லாத ரவி, தன் வெள்ளையணு எண்ணிக்கையை வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டு வாழ்த்துகளை ஏற்றுக்கொண்டார்.

ஒரு வாரம் பொறுத்த டீச்சர் கணவரிடம் கேட்டார். "ஏங்க, நான் தொண்ணூறு வாங்கற வரைக்கும் கட்டி ஸ்டடி லீவுல இருக்குமா?"

தயாளன் சங்கத்தைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். அடுத்த திங்கட்கிழமை டீச்சர் ஆட்டோ பிடித்துத் தனியாகப் போய் கீமோ போட்டுக்கொண்டார். முன் அனுமதியின்றி மேற்கொள்ளப்பட்ட அச்செயலைச் சங்கம் வன்மையாகக் கண்டித்தது.

மாதங்கள் போயின. டீச்சருக்கு முடி கொட்டியது, வாந்தியில் பாதி உடம்பு கரைந்தது, ஆபரேஷனும் முடிந்தது. ஒருநாள் காலை சங்கத்தின் வாட்ஸப் குழுவில் தயாளனின் செய்தி: "கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆபரேஷனில் எடுத்த சதையை டெஸ்ட் பண்ணிட்டாங்க. ஜீரோ!"

அரைமணி நேரத்தில் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு எல்லோரும் டீச்சர் வீட்டு ஹாலில் கூடிவிட்டோம்.

"மனசை விட்டுடாதீங்க டீச்சர். துணைத்தேர்வு இருக்கு," என்றார் சுகுமார் சார்.

"சார், ஜீரோன்னா கட்டி சுத்தமா இல்லன்னு அர்த்தம். கீமோவுலயே கரைஞ்சிடுச்சாம்," என்றார் டீச்சர்.

"நல்லதுதான். அதுக்காக ஒரு பத்தாவது வாங்கியிருக்கக் கூடாதா?"

டீச்சர் சிரித்தே விட்டார். அப்போதுதான் மூலையில் ஒரு அழுகை கேட்டது. சுகுமார் சாரின் மனைவி கனகவல்லி. துக்கம் விசாரிக்க வந்தவர் அழும் அளவைத் தாண்டி அழுதுகொண்டிருந்தார்.

டீச்சர் அவர் தோளைப் பிடித்தார். "எனக்குத்தான் சரியாயிடுச்சேக்கா, ஏன் அழறீங்க?"

"உங்களுக்காக இல்ல டீச்சர். எனக்கும் மார்ல ஒரு கட்டி இருக்கு. பொங்கலுக்கு முன்னாடிலேர்ந்து."

"ஐயோ, டாக்டர்கிட்ட காட்டலையா?"

"எப்படிக் காட்டறது? நீங்க அறுபது எடுத்ததுக்கே இவர் அந்தப் பேச்சு பேசினாரு. எனக்கு முப்பது நாப்பதுன்னு வந்தா இவர் வெளியில தலைகாட்ட முடியுமா?"

டீச்சர் பையை எடுத்துக்கொண்டு, கனகவல்லியின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார். ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது. சுகுமார் சார் ஆப்பிள் பையை மடியில் வைத்தபடி அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டேன்:

"எவ்வளவு எதிர்பார்க்கறீங்க சார்?"