பூசணிக்குப் பச்சைக்கொடி

எங்கள் வீட்டில் எல்லாம் பிழையாகப் போகத் தொடங்கியது ஒரு திங்கட்கிழமை காலை ஆறேகாலுக்கு. யாழ்ப்பாணத்தில் ரயில் நின்றுபோன பிறகும் ரயில் விட்ட ஒரே மனிதர், அந்த நேரத்தில்தான் எங்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள காணிக்குள் நின்று விசில் ஊதினார்.

எங்கள் குறுகிய ஒழுங்கையில் எல்லா வீடும் அவரைப் பச்சைக்கொடி என்றுதான் சொல்லும். ரயில் கார்ட்டாக இருந்தவர். சண்டையில் வண்டிகள் நின்றதும் காக்கிக் காற்சட்டை, கொடி, விசில் மூன்றும்தான் மிஞ்சின. பின்காணிக்காரர் கனடாவில். பல வருடமாகக் கொத்தாத நிலம். நாயுண்ணி முள்ளுப் பற்றையும் கல்லும். யூரியா உரம் வரத் தடை. கத்தரிக்காயைக் கண்டே மாதக்கணக்கு.

"அண்ணை, பாம்பு இருக்கும். வெடிக்காத செல்லும் இருக்கும்," என்றேன்.

"லைன் கிளியர், பிள்ளை," என்று இரும்பு அலவாங்கோடு இறங்கிவிட்டார்.

வேலை தொடங்குமுன் கழுத்தில் தொங்கும் விசிலை ஊதுவது அவர் பழக்கம். ஆனால் எங்கள் ஒழுங்கையில் விசில் என்றால் குண்டு போடப் பொம்மர் வருகிறது. முதலில் காண்பவர் ஊதவேண்டும் என்பது எங்களுக்குள் ஏற்பாடு. ஒழுங்கையே மண்ணுக்குள் வெட்டிய பங்கருக்குள் விழுந்தது. என் மகள் மதுவுக்கு ஏழு வயது. அவளுடைய பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் குண்டு விழுந்து அதிக நாளாகவில்லை. மற்றவர்கள் ஏறி வந்தோம், அவள் வரவில்லை. அன்றிலிருந்து பகல் முழுவதும் சாப்பாடு, படிப்பு எல்லாம் பங்கருக்குள். இருட்டினால்தான் வெளியே வருவாள். இன்றும் எங்காவது விசில் கேட்டால் என் கை பிள்ளையைத் தேடும்.

வேலியடியில் நின்று கத்தினேன்: "உங்கடை விசிலாலை என்ரை பிள்ளை மண்ணுக்குள்ளை கிடக்குது."

அதற்குப் பிறகு விசில் கேட்கவில்லை.

தோட்டம் மட்டும் நிற்கவில்லை. எருவுக்காக மாடுகளின் பின்னால் ஓலைக் கடகத்தோடு நடந்தார். "கார்ட் எப்பவும் கடைசிப் பெட்டியிலைதானே," என்பார். பசளைக்கென்று வேலி வேலியாகப் பூவரசங்குழை வெட்டி, கிடங்கு கிண்டி மண்ணுக்குள் தாட்டார். ஒருநாள் குளித்துக்கொண்டிருந்த நான் நிமிர்ந்தால், கிணற்றடியில் வேலியே இல்லை. ஒழுங்கையில் போன சைக்கிள் ஒன்று மதகில் மோதியது.

"வேலி துளிர்க்கும், பிள்ளை. மண்ணுக்குப் பசி பொறுக்காது."

பாத்திகளுக்கு ஸ்ரேசன் பெயர் வைத்தார். கோண்டாவிலில் கத்தரி, சாவகச்சேரியில் வெண்டி, கொடிகாமத்தில் பூசணி. சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்தப் பற்றைக்காடு ஒழுங்கை முழுவதற்கும் கறி கொடுத்தது. பூசணியை மட்டும் யாரையும் தொடவிடவில்லை. தினமும் எங்கள் பங்கர் வாசலில் குந்தி அறிவித்தல் கொடுப்பார்:

"மது, கொடிகாமத்திலை வண்டி நிக்குது. கொடி காட்ட ஆளில்லை."

அவள் வெளியே வரமாட்டாள்.

"அண்ணை, அது முத்திப்போச்சு. வெட்டித் தாங்கோவன்."

"கொடி காட்டாமல் வண்டி எடுக்கேலாது. சட்டம்."

"பூசணிக்கு என்ன சட்டம்?"

"உங்கடை பங்கருக்கு மேலை கிடக்கிறது என்ரை தண்டவாளம். நான் அதைக் கேட்டனே?"

ரயில் பாதையைக் கழற்றித்தான் ஊர் பங்கர் போட்டிருந்தது.

கொடி வாடி, பூசணிக் காம்பும் காய்ந்தது. அழுகிப்போகும் என்று ஒரு காலை பாத்தியடியில் நின்று அவரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ செருமினார்கள். தலைமயிரெல்லாம் செம்மண், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி மது.

"கொடியைத் தாங்கோ, மாமா. நேரம் போச்சு, வண்டி லேற்."

காற்சட்டைப் பைக்குள்ளிருந்து கொடியை எடுத்துக் கொடுத்தார். அவள் ஆட்டினாள். பழக்கதோசத்தில் அவர் கை கழுத்துக்குப் போய், வெறுமனே திரும்பி வந்தது.

"விசில் எங்கை?"

"உந்தப் பூசணிக்குக் கீழை, குழையோடை தாட்டுப்போட்டன்."

எனக்கும் அப்போதுதான் தெரியும்.

மது குனிந்து பாத்தியைப் பார்த்தாள். பிறகு அவர் விரலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்:

"அது முளைச்சிடாதோ, மாமா?"