சோப்பாகாத எண்ணெய்

செண்பகத்தோப்புச் சாலையில் வெள்ளிக்கிழமைகளில் பேருந்து நகராது. சஞ்சீவி எண்ணெய்க்கு அவ்வளவு கூட்டம். ராஜபாளையத்திலிருந்து மட்டும் எட்டு வேன்.

எண்ணெய் தண்ணீர் போல இருக்கும். வாசம் இல்லை. ஒரு வருடம் திறந்து வைத்தாலும் காறல் வாடை வராது. எறும்பு அண்டாது. இத்தனை அதிசயம் ஒரே குப்பியில் இருந்தால் யார்தான் யோசிப்பார்கள்?

"நூத்தியெட்டு மூலிகை விதையை ஆட்டி எடுத்தது," என்றார் அதைக் கொடுக்கும் சங்கிலிப்பாண்டி சாமி. விலை கிடையாது. காணிக்கை குப்பிக்கு முந்நூறு.

சமுத்திரம் இருபது வருடமாக நூற்பாலையில் இயந்திரங்களுக்கு எண்ணெய் விடுகிறவர். கால் விரலில் சர்க்கரைப் புண். ஆஸ்பத்திரிக் கட்டை அவிழ்த்துவிட்டு, மூன்று வாரமாகச் சஞ்சீவி எண்ணெய் விட்டார். புண் பாதத்தை நோக்கி நகர்ந்தது.

"இன்னும் ஒரு வாரம் போனா காலையே எடுப்பாக அண்ணே," என்றாள் அடுத்த வீட்டு ஹெப்சிபா. மசகு எண்ணெய்க் கம்பெனியில் பரிசோதனைக்கூட வேலை அவளுக்கு.

"நீ வேதக்காரி தாயி. உனக்கு நம்பிக்கை வராது."

"எங்க சர்ச்சு ஆளுகளும் அந்த வரிசையிலதான் நிக்காக. நானும் வாரேன்."

வந்தாள், அடுப்போடு. சாமி முன்னாலேயே இரண்டு சட்டியில் காஸ்டிக் சோடாக் கரைசலைச் சூடாக்கினாள். ஒன்றில் தேங்காயெண்ணெய், மற்றதில் சஞ்சீவி.

"விதையில எடுத்த எண்ணெய்னா சோப்பாகணும் சாமி."

கிண்டக் கிண்டத் தேங்காயெண்ணெய் கெட்டியாகிச் சோப்பானது. சஞ்சீவி அப்படியே மிதந்தது.

சாமி சிரித்தார். "தெய்வ எண்ணெய் சோப்பாகுமா?"

"அதானே!" என்றது கூட்டம்.

ஹெப்சிபா பையிலிருந்து இன்னொரு குப்பியை எடுத்தாள். மூன்றாவது சட்டி. அதுவும் சோப்பாகவில்லை.

"அப்ப இதுவும் தெய்வந்தான். பேஸ் ஆயிலுன்னு பேரு. கச்சா எண்ணெயில பிரிக்கிறது. இதுல கெமிக்கல் கலந்துதான் மில்லு ஆயில் செய்றோம். எங்க குடோன்ல நூறு டிரம் தெய்வம் நிக்குது. லிட்டரு நூறு ரூவா."

சமுத்திரம் சஞ்சீவியை விரலிடையில் தேய்த்துப் பார்த்தார். தினமும் மில்லில் தொடுகிற வழுக்கல்.

"ஏலே சங்கிலிப்பாண்டி," என்றார். சாமி பட்டம் அத்தோடு போயிற்று. "என் காலு என்ன மில்லு ஸ்பிண்டிலாலே?"

சங்கிலிப்பாண்டி செருப்பைக்கூடத் தேடவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போக ஹெப்சிபாவின் ஸ்கூட்டரில் ஏறிய சமுத்திரத்தை, வரிசையில் நின்ற வேலுத்தாய் மறித்தாள்.

"அண்ணே, மிச்சமிருந்தா தாங்க. மிஷினே அம்புட்டு நல்லா ஓடுதுன்னா, என் முட்டிக்கு விட்டா என்ன?"

டாக்டர் விரலை எடுத்தார். பாதம் தப்பியது. விரல் இல்லாமலும் நடந்துவிடலாம். மூளை இல்லாமல்தான் முடியாது. அதற்கு எந்த எண்ணெயும் வேண்டாம், அவ்வப்போது ஓட்டினால் போதும்.