அக்கா-பெட்டியின் புதிய பதிப்பு

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அக்கா வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. நீ, உன் மனைவி, குழந்தை எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே உன் அக்கா நலம், அவளுக்கு ஒரு குறையும் இல்லை. என் நலத்தைப் பற்றிக் கடிதத்தின் கடைசியில் சொல்கிறேன், அதுவரை நான் இருந்தால்.

இந்தக் காலத்தில் காகிதத்தில் எழுதுகிறாரே, அத்தானுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று நினைக்காதே. உன்னைப் போனில் கூப்பிட்டால் மூன்று நாளாக மீட்டிங்கில் இருக்கிறாய். மெசேஜ் தட்டலாம் என்றால், தட்டியது எங்கே போய் எந்தப் பெட்டியில் என்ன கேள்வியாக வெளியே வருமோ என்று பயமாக இருக்கிறது. கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்.

நம்முடைய லைப்ரரி விஷயம்தான், புத்தக லைப்ரரி இல்லை, வலைத்தளங்களுக்கென்று நாம் செய்து வைத்த ஆயத்தத் துண்டுகளின் தொகுப்பு. ஆளாளுக்கு அதே பொத்தானையும் அதே தேதிக் கட்டத்தையும் புதிதாகச் செய்து, ஆளாளுக்கு அதே தப்பைப் பண்ணுகிறார்கள், ஒருமுறை நாம் ஒழுங்காகச் செய்து வெளியிட்டுவிட்டால் ஊரிலுள்ள வலைத்தளமெல்லாம் அதையே எடுத்துப் பொருத்திக்கொள்ளட்டும் என்று தூபம் போட்டது யார்? நீ. இந்த மாதிரித் துண்டு ஒவ்வொன்றின் பெயரிலும் நடுவே ஒரு சின்னக் கோடு இருந்தே ஆக வேண்டும் என்று விதி இருக்கிறது, கோட்டுக்கு முன்னால் என்ன பெயர் வைக்கலாம் என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, "அக்கா-ன்னு வைங்க அத்தான், எல்லாரும் பயந்துக்கிட்டே ஒழுங்கா உபயோகிப்பாங்க" என்று சொன்னது யார்? அதுவும் நீதான். அக்கா-பொத்தான், அக்கா-தேதி, கடைசியாக அக்கா-பெட்டி. திரையின் நடுவில் வந்து நின்று, பதில் சொல்லாமல் ஆளை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகரவிடாதே, அந்தப் பெட்டி. பெயர்ப் பொருத்தம் பிரமாதம் என்று அன்றைக்கு இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். இப்போது நான் சிரிப்பதில்லை.

முதல் பதிப்பில் நடந்த கூத்து உனக்குத் தெரியும். மாதிரிப் பக்கத்தில் பெட்டிக்குள் ஏதாவது வாக்கியம் வேண்டுமே என்று, சமையலறையிலிருந்து உன் அக்கா பேசியதில் காதில் விழுந்ததையெல்லாம் போட்டு வைத்தேன், எடுக்க மறந்து அப்படியே வெளியிட்டுவிட்டேன். யாராவது தங்கள் தளத்தில் பெட்டிக்குச் சொந்த வாசகம் எழுதாமல் விட்டால், பெட்டி உன் அக்காவின் வாசகத்தைச் சொல்லும். பல் டாக்டர் ஒருவர் எழுதாமல் விட்டிருந்தார். அவருடைய தளத்தில் ஒரு நோயாளி வருகையை ரத்து செய்யப் போக, பெட்டி குறுக்கே வந்து நின்று, "ஈரத் துண்டைக் கட்டில் மேலயா போடுவாங்க?" என்று கேட்டிருக்கிறது. டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"சார், 'இல்லை'ன்னு அழுத்திட்டு மனுஷன் நேர்லயே வந்துட்டாரு."

"மன்னிக்கணும் டாக்டர், நாளைக்கே மாத்திடறேன்."

"மாத்தாதீங்க சார். ஒரு வருஷமா டிமிக்கி குடுத்துட்டு இருந்த ஆளு. பயந்துபோய் வந்து வாயைத் திறந்துட்டாரு."

ஆனாலும் நான் மாற்றினேன். மாதிரி வாசகங்களையெல்லாம் துடைத்து, பெட்டியை வெறுமையாக்கி, புதுப் பதிப்பு வெளியிட்டேன். நான் வெளியிட்டால் மட்டும் போதாது, உன் போனுக்கு ஒரு கேள்வி வரும், நீ 'சரி' அழுத்தினால்தான் ஊருக்குப் போகும் என்று நாமே வைத்துக்கொண்ட ஏற்பாடு. நீயும் அழுத்தினாய். கதை அங்கே முடிந்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம் டாக்டர் மறுபடி கூப்பிட்டு, "ஜன்னல் ஓரம் பிஸ்கட்டை வச்சது யாரு, எறும்பு வந்திருக்கு பாருங்கன்னு வருது சார், இங்க ஜன்னலே இல்லையே" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். என் ஜன்னல் ஓரத்தில் நான் பாதி கடித்து வைத்த பிஸ்கட், அதன்மேல் கறுப்பாக எறும்பு வரிசை. அந்த வாக்கியத்தை நான் எழுதவில்லை மச்சான். திறந்து பார்த்தால் லைப்ரரிக்குள் அது இருக்கிறது, வெளியிட்டவர் என்று என் பெயர், என் கம்ப்யூட்டரிலிருந்து போயிருக்கிறது, நீயும் வழக்கம்போலப் படிக்காமலே 'சரி' அழுத்தியிருக்கிறாய், வரி முடிவில் முற்றுப்புள்ளி வைக்காமல் விடுகிற என் பழக்கம்கூட அப்படியே இருக்கிறது. சரி, ஏதோ ஞாபகப் பிசகு என்று மனசைத் தேற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், சாயங்காலம் உன் அக்கா துடைப்பத்தோடு உள்ளே வந்து, அட்சரம் பிசகாமல் அதே வாக்கியத்தைச் சொன்னாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அன்றிலிருந்து இதே பிழைப்பாகப் போயிற்று. முதலில் பெட்டி சொல்லும், அப்புறம் அவள் சொல்வாள். ஒருநாள் வேலையாக ஒரு கம்பெனிக்குப் போனபோது, ஆபீஸ் வாசலில் வருகிறவர்கள் பெயர் தட்டுகிற திரையில் என் பெயரைத் தட்டினேன். அதிலும் நம் பெட்டிதான். "சட்டையைத் திருப்பிப் போட்டுட்டுப் போறீங்க" என்றது. குனிந்து பார்த்தால் தையல் எல்லாம் வெளியே தெரிகிறது. வரவேற்பில் இருந்த பெண், "காலையிலேர்ந்து வர்றவங்க எல்லாருமே குனிஞ்சு பார்த்துக்கறாங்க சார், உங்களுக்கு மட்டுந்தான் சரியா இருக்கு" என்றாள். இன்னொரு நாள் "மாத்திரை போட்டீங்களா?" என்று வந்தது. நான் போட்டிருக்கவில்லை, ஓடிப்போய்ப் போட்டேன். ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து நன்றி தெரிவித்துக் கடிதம்கூட வந்தது, அவர்கள் வாடிக்கையாளர்கள் நெகிழ்ந்துபோனார்களாம். யாரோ ஒரு பாவிக்கு இதுவும் பிடித்திருக்கிறது.

கடவுச்சொல்லை மாற்றிப் பார்த்தேன், பலனில்லை. லைப்ரரியையே எடுத்துவிடலாம் என்றால், இத்தனை பேர் நம்பியிருப்பதை உடையவன் நினைத்தாலும் எடுக்க முடியாது என்கிறது அதை வைத்திருக்கிற இணையக் கிடங்கின் சட்டம். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை என்பார்களே, எனக்கு அந்தப் பூதம் பதிப்பு எண்ணோடு புறப்பட்டிருக்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று உன் அக்காவிடமும் கேட்டேன்.

"நீ எப்பவாவது என் கம்ப்யூட்டரைத் தொட்டியா?"

"எனக்கு ஆயிரம் வேலை கிடக்கு, நகருங்க" என்றாள். அவளுக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது, பாவம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இன்று காலை இன்னொரு புதுப் பதிப்பு வந்திருக்கிறது. அதில் ஒரே ஒரு வரிதான். "இவர் எங்கே போனாருன்னு உங்க யாருக்காவது தெரியுமா?" கீழே ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான் எப்போதும் இருக்குமல்லவா, இதில் 'இல்லை' மட்டும்தான் இருக்கிறது. டாக்டர் கூப்பிட்டார், இந்தத் தடவை அவர் குரலே சரியில்லை. "வர்றவங்க எல்லாரும் இல்லை இல்லைன்னு அழுத்திட்டே இருக்காங்க சார்" என்றவர், "நீங்க இருக்கீங்கள்ல?" என்றார். இருக்கிறேன் என்றுதான் சொன்னேன். சொல்லிவிட்டுப் போய்க் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன்.

இதுவரை பெட்டி சொன்ன எதையும் அவள் சொல்லாமல் விட்டதில்லை, எதுவும் சாயங்காலத்தைத் தாண்டியதும் இல்லை. அதனால் நான் இன்று எங்கேயும் போவதாக இல்லை. வாசல் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் இருக்கிறேன். ஆனாலும் பயமாக இருக்கிறதுடா. சாவுக்கெல்லாம் நான் பயந்தவனில்லை என்று பெருமை பேச ஆசைதான், இன்றைக்கு அது வாயில் வரமாட்டேன் என்கிறது. அவள் இந்த ஹாலில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்பாள், எத்தனையோ வருஷமாக அவள் கேட்டதற்கெல்லாம் "உம்" கொட்டிய நான் அதற்குக்கூடக் கொட்ட இருக்கமாட்டேன். அதை நினைத்தால்தான் தாங்கவில்லை.

உன்னால் ஆக வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த வரியைத் துடைத்த பதிப்பைத் தயார் பண்ணிவிட்டேன். உன் போனில் கேள்வி வந்து காத்திருக்கிறது. கூரியர்காரரை மதியம் வரச் சொல்லியிருக்கிறேன், நேராக உன் ஆபீஸில் கொண்டுவந்து கொடுப்பார். இதைப் படித்த கையோடு, மீட்டிங்காவது ஒன்றாவது, 'சரி'யை அழுத்து. அவள் கேட்பதற்கு முன்னால் அழுத்து.

குழந்தையின் கன்னத்தில் என் சார்பாக ஒரு முத்தம். வீட்டுக்காரியை அதட்டாமல் வைத்துக்கொள். அக்காவை அடிக்கடி வந்து பார்த்துக்கொள். உங்கள் எல்லோருக்கும் ஆயுசு கெட்டியாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
இந்த நிமிஷம்வரை நாற்காலியில் இருக்கிற,
உன் அத்தான்.

பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதறேன். உன் அத்தான் காகிதத்தை மேஜைமேல விரிச்சபடியே விட்டிருந்தாரு, படிச்சுட்டேன். எறும்பு, சட்டை, மாத்திரை எல்லாம் நான்தான்னு உனக்குத் தெரியும், ஒவ்வொரு தடவையும் நீதானே சிரிச்சுக்கிட்டே 'சரி' அழுத்தினே. கடவுச்சொல்லை மாத்தறாராம், வாய்விட்டுச் சொல்லிக்கிட்டேதான் தட்டறாரு, அடுப்படி வரைக்கும் கேக்குது. நேர்ல சொன்னா செவிடன் காதுல ஊதின சங்கு, பெட்டியில வந்தா ஓடி ஓடிச் செய்யறாரேன்னு போட்டேன். இத்தனை பயந்திருப்பாருன்னு தெரியாது. இன்னிக்கு ஒத்துக்கிடலாம்னுதான் டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்தேன்.

ஆனா அந்தக் கடைசி வரியை நான் போடலைடா. நீதான் விளையாட்டுக்குப் போட்டேன்னு சொல்லு, திட்ட மாட்டேன்.

நாற்காலி இன்னும் சூடா இருக்கு. வாசக்கதவு உள்பக்கம் தாழ் போட்டபடியே இருந்துச்சு, கூரியர்காரர் மணி அடிச்சப்புறம் நான்தான் திறந்தேன். எல்லா ரூமும் பார்த்தாச்சு, கட்டிலுக்கு அடியிலகூடப் பார்த்தாச்சு. பக்கத்து வீட்டுல போய் ஒரு வார்த்தை கேக்கலாம், கேக்க மாட்டேன். கூரியர்காரர் "சார்" அப்படின்னு வாயைத் திறந்தாரு, கையைக் காட்டி நிறுத்திட்டேன். நான் கேட்டாத்தானே அது நடந்ததா ஆகும். நீ உடனே கிளம்பி வா. வந்து நீயும் ஒண்ணும் கேக்காதே. டீ ஆறட்டும், ரெண்டு பேரும் சும்மா உக்காந்திருப்போம்.