மயக்க மருந்தில் மிச்சம் பிடிப்பதில்லை, மாமா

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மூத்த மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மகளும் பிள்ளைகளும் சௌக்கியம். 'தங்கள் நலமறிய ஆவல்' என்று நானும் எழுதிவிடலாம்தான். ஆனால் இரண்டு வருடமாகக் குடலிறக்கத்தை வைத்துக்கொண்டு, இருமல் வரும்போதெல்லாம் அடிவயிற்றை ஒரு கையால் தாங்கிப் பிடித்துக்கொள்ளும் மனிதரிடம் அப்படிக் கேட்பது நியாயமில்லை. ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன். வருகிற புதன்கிழமை எங்கள் மருத்துவமனையில் உங்கள் ஆபரேஷனுக்கு நாள் வாங்கி வைத்திருக்கிறேன். நீங்களோ, "அந்த ஆஸ்பத்திரிக்கா? விளக்கை அணைக்கிறாங்க, தண்ணியைக் குறைக்கிறாங்க, மயக்க மருந்தையும் பாதிதான் குடுக்கிறாங்களாமே! பாதி அறுக்கிறப்ப முழிச்சுக்கிட்டா யாரு பதில் சொல்றது?" என்று கேட்டுவிட்டு ஃபோனை வைத்துவிட்டீர்களாம். உங்கள் மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

இந்தச் செய்தியை உங்களிடம் கொண்டுவந்து சேர்த்த புண்ணியவான் யார் என்று எனக்குத் தெரியும். என் அருமைச் சகலை, உங்கள் இளைய மாப்பிள்ளை. அவர் காதில் விழுந்த எதுவும் கை கால் முளைக்காமல் வாய் வழியாக வெளியே வந்ததாகச் சரித்திரமே கிடையாது. நடந்தது நடந்தபடி நானே சொல்கிறேன், கேளுங்கள்.

எங்கள் தலைமை மருத்துவர் ஒருநாள் சரக்கறைக்கு வந்து, "நோயைத் தீர்க்கிற இடம்னு பேரு. நாம ஒருநாள் எறியிற குப்பையைப் பார்த்தா ஊருக்கே நோய் வந்துடும். இந்தக் கட்டடத்துல ஒரு பஞ்சுச் சுருள் எங்க போச்சுன்னு தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான்" என்று சொல்லி, என்னைப் பசுமைக் குழுவுக்குச் செயலாளர் ஆக்கிவிட்டார். சரக்கறைப் பொறுப்பில் இருபத்திரண்டு வருடமாக இருப்பவனுக்கு இது ஒரு பெரிய காரியமா? முதல் வாரமே குப்பையைப் பிரித்துப் போட மூன்று நிறத்தில் கூடை வைத்தேன். நோயாளியைப் பார்க்க வந்த ஒருவர், "இது எங்க கட்சி நிறம், இதுல குப்பை போடமாட்டேன்" என்று ஒரு கூடையின் முன்னால் நின்று சபதம் செய்தார். இன்னொருவர் அதே காரணத்துக்காக எல்லாவற்றையும் அதில்தான் போடுவேன் என்றார். இரண்டு பேரையும் சமாளித்தேன். கழிவறையில், ஆள் அசையாவிட்டால் ஐந்து நிமிடத்தில் தானாக அணையும் விளக்கு மாட்டினேன். எங்கள் கணக்கர் உள்ளே போனால் அரைமணி நேரம் அசையாத மனிதர். இருட்டில் மாட்டிக்கொண்டு, இரண்டு கையையும் தலைக்கு மேலே ஆட்டி ஆட்டி விளக்கை எரிய வைத்து, ஒருவழியாக வெளியே வந்தார். ஒரு மாதம் இப்படியே ஆட்டியதில் அவருடைய பழைய தோள்வலி போய்விட்டது. அதற்கு நன்றி சொல்வாரா? மாட்டார். போகட்டும்.

பிறகுதான் அந்தப் பலகை விவகாரம். சகலை இதைப் பற்றி உங்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருப்பார், ஆனால் தப்பாகச் சொல்லியிருப்பார். மின்சாரத்தை மிச்சப்படுத்த, 'வெளியே போகும்போது அனைத்தையும் அணைத்துவிட்டுச் செல்லவும்' என்று ஒவ்வொரு வார்டு வாசலிலும் பலகை வைக்க ஏற்பாடு செய்தேன். காகிதத்தையும் மிச்சம் பிடிப்போமே என்று வாசகத்தை எழுதிக் கொடுக்காமல் பெயின்டரிடம் ஃபோனிலேயே சொன்னேன். அவர் பன்னிரண்டு பலகையிலும் அழகான கொட்டை எழுத்தில் 'வெளியே போகும்போது அனைவரையும் அணைத்துவிட்டுச் செல்லவும்' என்று எழுதி மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்குப் பார்த்து, காலில் கட்டுப் போட்டிருந்த ஒரு லாரி டிரைவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். கதவு அகலத்துக்கு இருப்பார். பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தார், ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தார், கட்டில் கட்டிலாகப் போய் ஆரம்பித்துவிட்டார். பெருக்குகிற அம்மா துடைப்பத்தோடு ஓடியே போய்விட்டார். முப்பது வருடமாகச் சிரித்து யாரும் பார்த்திராத தலைமை நர்ஸ் வந்து, "என்ன கூத்து இது?" என்று அதட்டினார். "போர்டுல போட்டிருக்கே சிஸ்டர், ஆஸ்பத்திரி சட்டத்தை மீறலாமா?" என்று சொல்லிக்கொண்டே அவரையும் அணைத்துவிட்டார் டிரைவர்! வார்டே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. தலைமை நர்ஸ் சுவரில் சாய்த்திருந்த ஊன்றுகோலை எடுத்து வந்து டிரைவர் கையில் கொடுத்தார். பிறகு, "கட்டுப் போட்ட காலை ஊனாதே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் தலைமை மருத்துவர் கூப்பிட்டனுப்பினார். வேலை போச்சு என்றுதான் நினைத்தேன். "சார், இன்னிக்கே மாத்திடறேன்" என்றேன். அவரோ, "ஒரு வாரம் போகட்டும்யா. பத்து வருஷத்துல முதல்தடவையா நேத்து ஒரு புகார்கூட வரல" என்றார். என்ன, அந்த வாரம் முழுக்க ஒரு விளக்கைக்கூட யாரும் அணைக்கவில்லை. இப்போது எல்லாப் பலகையையும் திருத்தியாகிவிட்டது, மின்சாரச் செலவும் கால்வாசி குறைந்திருக்கிறது. நான் சும்மா பீற்றிக்கொள்ளவில்லை மாமா.

இனி உங்கள் மயக்க மருந்து. இதற்காகவே மயக்க மருத்துவரம்மாவிடம் நேரில் போய்க் கேட்டேன். அவர் சொன்னது இது: "மயக்கத்தைக் குறைக்கலைங்க, வாயு ஓட்டத்தைத்தான் குறைக்கிறோம். முன்னெல்லாம் நோயாளிக்குள்ள போனது கொஞ்சம், குழாய் வழியா வெளிய போய்க் காத்தைக் கெடுத்தது நிறைய. இப்ப அவர் விடற மூச்சைச் சுத்தம் பண்ணி, அதுல மிச்சம் இருக்கிற வாயுவைத் திரும்ப அவருக்கே குடுக்கிறோம். உங்க மாமனார் நல்லாவே தூங்குவார். வானத்துக்கு மயக்கம் குடுக்கிறதைத்தான் நிறுத்தியிருக்கோம்." பதில் போதுமா? ஊசி, கத்தி முனை, தையல் நூல் எல்லாம் ஆளுக்குப் புதிது. எடுத்துக் கொடுப்பவனே நான். டாக்டர்கள் போட்டுக்கொள்ளும் அங்கியை மட்டும் தூக்கி எறியாமல், துவைத்து, கொதிநீராவியில் வைத்து, மறுபடி போட்டுக்கொள்கிறார்கள். அதனால் உங்களுக்கு என்ன குறை வந்துவிடப்போகிறது?

மாமா, ஒன்றை மனம் விட்டுச் சொல்கிறேன். போன மாதம் வந்திருந்தபோது சின்னவன் உங்களைத் தூக்கச் சொல்லிக் கை நீட்டினான். நீங்கள் காது கேட்காதவர் மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். குடலிறக்கம் பொறுத்திருக்கும் என்று நம்பக்கூடாது. திடீரென்று ஒருநாள் சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்று எல்லா டாக்டரும் சொல்கிறார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மனிதனுக்குத் தைரியம் வேண்டும் மாமா. என்னைப் பாருங்கள், இருபத்திரண்டு வருடமாக அங்கேயே கிடக்கிறேன், ஆபரேஷன் தியேட்டர் எனக்கு அடுத்த வீடு மாதிரி.

செவ்வாய் மாலையே வந்து சேருங்கள். அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உங்கள் இருவர் ஆசியும் என்றைக்கும் எங்கள் தலைமேல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சொல்லைத் தட்டாத (இந்த ஒரு விஷயம் தவிர)
மூத்த மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன்னால் உங்கள் மகள் கடிதத்தை வாங்கிப் படித்தாள். "எல்லாத்தையும் எழுதினீங்க, அதை மட்டும் விட்டுட்டீங்களே. நீங்க எழுதறீங்களா, நான் எழுதட்டுமா?" என்று பேனாவை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். அதனால் எழுதுகிறேன். எனக்கும் அதேதான் மாமா. வலப்பக்கம். ஏழு மாதமாக இருக்கிறது, யாரிடமும் மூச்சு விடவில்லை, போன வாரம் இவள் கண்டுபிடித்துவிட்டாள். புதன்கிழமைக்கு டாக்டர் நாள் குறித்தது உண்மையில் எனக்கு. அதை உங்கள் பெயருக்கு மாற்றிவிட்டு நான் தப்பித்துவிடலாம் என்று பார்த்தேன். மயக்க மருத்துவரம்மாவிடம் உங்கள் பெயரைச் சொல்லிக் கேட்டதும் உங்களுக்காக இல்லை, எனக்காகத்தான், மூன்று தடவை கேட்டேன். ஒரே நாளில் இரண்டு பேருக்கும் செய்யலாமாம், பக்கத்துப் பக்கத்துக் கட்டில் தருகிறார்களாம். எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது மாமா. தயவுசெய்து வந்துவிடுங்கள். நீங்கள் பெரியவர், முதலில் நீங்களே உள்ளே போகலாம்.