சட்டையில் போன சாம்பிள்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு நானும், தங்கள் தங்கையும், எங்கள் மிட்டாய்க் கம்பெனியும் சுகம். கம்பெனியும் சுகம் என்று எழுத முடிகிறதே, அதற்காகத்தான் இந்தக் கடிதமே. அங்கு தாங்களும் அக்காவும் லாண்டரியும் குறைவில்லாமல் இருக்க வேண்டும்.

போன வாரம் தாங்கள் போனில் சொன்னதை நான் மறக்கவில்லை. "உங்க ஸ்டார்ச் சாப்பாட்டுக்கு ஆகாதுன்னு துறைமுகத்துல சொல்லிட்டா கவலைப்படாதீங்க மாப்பிள்ளை. மொத்தத்தையும் நானே சட்டைக்குக் கஞ்சி போட எடுத்துக்கறேன். நீங்களும் வந்து நம்ம கடை கவுண்டர்ல உக்காந்துடுங்க" என்றீர்கள். பாசத்தோடுதான் சொன்னீர்கள். ஆனால் இத்தனை வருஷம் முதலாளி என்று திரிந்தவன், மச்சான் கடையில் ரசீது கிழித்துக்கொண்டு உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தங்கள் உதவி தேவைப்படவில்லை.

நடந்ததைக் கேளுங்கள். எங்கள் மிட்டாய் மறுநாளே கல்லாகிவிடுகிறது, பல் போகிறது என்று பெரிய கடைக்காரர் ஆர்டரை நிறுத்தப் பார்த்ததால்தானே வெளிநாட்டிலிருந்து கோதுமை ஸ்டார்ச் வரவழைத்தோம்? மாவைக் கழுவிக் கழுவிப் பசையெல்லாம் போன பிறகு மிஞ்சுகிற வெள்ளைத் தூள் அது. அதில் கிண்டினால் மிட்டாய் மெத்தென்று இருக்கும். ஆனால் அதே தூள் துணிக்கும் போகும், அட்டை ஒட்டவும் போகும் என்பதால் துறைமுகத்தில் உணவு ஆய்வாளர் அம்மாவுக்குச் சந்தேகம். லேப் பரிசோதனையில் சுத்தமான சரக்கு என்று வந்துவிட்டது. "ஆனா இது எதுக்குன்னு எனக்குத் தெரியணும். வெளிநாட்டு மில்லுக்காரங்க முன்னாடியே அனுப்பின சீல் வச்ச சாம்பிளோட வாங்க" என்று சொல்லிவிட்டார். அந்தப் பொட்டலம் எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியில் பத்திரமாக இருந்தது. இருந்தது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். கிளம்புகிற அன்று காலையில் தேடினால் காணோம். தங்கள் தங்கையைக் கேட்டேன். "அதுவா? உங்க சட்டைக்குப் போட்டுட்டேன். ஆபீசர் முன்னால கசங்கிப் போய் நிக்கக் கூடாதேன்னு பார்த்தேன்" என்றாள். ஆக, சாம்பிள் என் உடம்பின் மேலேயே இருந்தது. மாற்றிக்கொள்ளலாம் என்றால் மற்ற சட்டையெல்லாம் தங்கள் லாண்டரிக்கு வந்திருந்தன.

சட்டையா அது, தகரம்! முழங்கை மடங்கவில்லை. பேருந்தில் கம்பியைப் பிடித்த கை இறங்கும்போது கீழே வர மறுத்தது. போதாக்குறைக்கு வழியில் மழை பிடித்துக்கொண்டது. நனைந்ததும் தகரம் பசையாகிவிட்டது. ஆய்வாளர் அம்மா அறையில் போய் மேஜை மேல் கையை வைத்தேன், அவர் கையெழுத்துப் போடவிருந்த தாள் என் முழங்கையோடு ஒட்டிக்கொண்டது. துறைமுகத்தில் நமக்காக அலைகிற ஏஜென்ட், "சார், ஆடாதீங்க, கிழிஞ்சிடும்" என்று காதில் சொல்கிறார். "சாம்பிள் எங்கே?" என்று அந்த அம்மா கேட்டார். எனக்குப் பொய் வராது மச்சான். "போட்டுட்டு வந்திருக்கேன் மேடம்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், என் முழங்கையில் தொங்கிய தாளைப் பார்த்தார். "சாப்பிடுற பொருள்னு நீங்க சொல்றீங்க. சட்டை வேற மாதிரி சொல்லுதே?" என்றார். எனக்குத் தங்கள் கவுண்டர் நாற்காலி கண் முன்னால் வந்து நின்றது. என்ன பேசினேனோ, கடைசியில் "சமைச்சே காட்டறேன் மேடம்" என்று வாய் உளறிவிட்டது. சொன்ன பிறகுதான் நினைவு வந்தது, கம்பெனியில் கிண்டுவதெல்லாம் தங்கள் தங்கை. நான் பெட்டியில் அடுக்குவதோடு சரி.

கன்டெய்னரிலிருந்து ஒரு கிண்ணம் ஸ்டார்ச், கேன்டீன் அடுப்பு, சர்க்கரை எல்லாம் வந்துவிட்டன. ஏஜென்ட் என் காதில் போனைப் பிடித்துக்கொள்ள, தங்கள் தங்கை மறுமுனையில் சத்தம் போட, நான் காய்ந்து மறுபடி விறைத்துப்போன சட்டையில் மடங்காத கையால் கிண்டினேன். "நிறுத்தாதீங்க! கை வலிச்சா வலிக்கட்டும்! இவ்வளவு நாள் நான் கிண்டலையா?" என்று அவள் கத்தியது கேன்டீன் முழுக்கக் கேட்டது. ஆய்வாளர் அம்மாவுக்கே பொறுக்கவில்லை. "குடுங்க இப்படி, அடிபிடிக்குது" என்று கரண்டியைப் பிடுங்கித் தானே கிண்டினார். பால் மாதிரி இருந்தது பளபளவென்று இறுகி வந்தது. ஆறவைத்து வெட்டினோம். ஒரு துண்டு வாயில் போட்டார். இன்னொரு துண்டு போட்டார். "வீட்டுல சின்னவனுக்குக் கொஞ்சம் எடுத்துக்கலாமா?" என்று கேட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இன்று காலை மூட்டைகள் கம்பெனிக்குள் வந்து இறங்கின. தங்கள் தங்கை ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், எதற்கு மறைக்க வேண்டும்? வேலை செய்கிற பெண்கள் எல்லாரும் கை தட்டினார்கள். பல நாள் கழித்து மத்தியானச் சாப்பாடு ருசியாக இருந்தது. எனவே அந்தக் கவுண்டருக்குத் தாங்கள் வேறு நல்ல ஆளாகப் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் ஸ்டார்ச்சில் ஒரு சிட்டிகைகூட இனிமேல் எந்தச் சட்டையிலும் படாது. அது சாப்பிடுகிற பொருள்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. தங்கள் தொழில் மேன்மேலும் வெளுத்து விளங்கட்டும்.

என்றும் தங்கள் அன்புள்ள
மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது பெரிய கடைக்காரர் கூப்பிட்டார். காலையில் மூட்டை இறங்கியதுமே கிண்டி அனுப்பிய புது மிட்டாய் பிரமாதமாம், வாயில் கரைகிறதாம், இரண்டு மடங்கு வேண்டுமாம். ஒரே ஒரு சின்ன விஷயமாம்: கோதுமை ஒத்துக்கொள்ளாத வாடிக்கையாளர்கள் அதிகமாகிவிட்டார்களாம், அதனால் அதில் கோதுமை சம்பந்தப்பட்டது மட்டும் எதுவும் இருக்கக் கூடாதாம். மச்சான், தங்கள் லாண்டரிக்கு ஒரு நாளைக்குச் சுமார் எத்தனை சட்டை வரும்? முழுக்கையாக இருந்தால் ரொம்ப நல்லது.