‘நீங்க போங்க’ டிரைவரும் இடது பக்கத்து டயர்களும்

பூமியில் பிறந்த டிரைவர்களிலேயே என் உயிரை அதிகம் வாங்கியவர் ‘நீங்கபோங்க’ அண்ணன்தான். இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சொல்வேன். அவருக்கு வீட்டில் வைத்த பேர் ஒன்று இருந்திருக்கும். ஆனால் காங்கயம் சாலை வைத்த இந்தப் பேர்தான் நிலைத்தது. ஏன் வைத்தது என்று பிறகு சொல்கிறேன், எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது.

அறுபதுகளில் திருப்பூர் ராயபுரத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் நான் மேனேஜர். மேனேஜர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நூல் வரவில்லை என்றாலும் திட்டு எனக்கு, காபி ஆறிப்போச்சு என்றாலும் திட்டு எனக்கு. முதலாளியின் கறுப்புக் காரும் அதை ஓட்டிய அண்ணனும் என் பொறுப்பு. அந்தக் காருக்கு ஒரு வியாதி இருந்தது. வலது பக்கத்து டயர் இரண்டும் புது மாப்பிள்ளை மாதிரி இருக்கும். இடது பக்கத்து இரண்டும் மூன்றே மாதத்தில் பழனிக்குப் போய்வந்த தலை மாதிரி ஆகிவிடும்.

டயர் என்ன, பெட்டிக்கடையில் தொங்குகிற வாழைப்பழமா? அந்தக் காலத்தில் ஒரு டயர் வேண்டுமென்றால் கோயம்புத்தூர் டீலரிடம் வாரக்கணக்கில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். காட்டிக் காட்டி என் பல் தேய்ந்ததுதான் மிச்சம்.

மெக்கானிக் காற்றைப் பார்த்தார், சரியாக இருந்தது. சக்கரத்தில் கோணல் இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. பிறகு டயர்களைப் பக்கம் மாற்றிப் போடச் சொன்னார். போட்டோம். நல்ல பலன் கிடைத்தது. அடுத்த மூன்று மாதத்தில் நான்கும் மொட்டை.

கடைசியில் அவர் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார்: “இடது பக்கம் லோடு ஜாஸ்தியாட்டம் இருக்குதுங்க. பின்சீட்டுல அந்தப் பக்கம் என்னங்க வெப்பீங்க?”

பின்சீட்டில் அந்தப் பக்கம் இருப்பது முதலாளி. வேட்டி துண்டு நீங்கலாகவே நூறு கிலோவுக்குக் குறையமாட்டார். அந்த நேரம் பார்த்து என் தோளுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.

“சாம்பிள் பனியன் வெப்பமுங்க,” என்றேன்.

மறுநாளிலிருந்து, இந்தப் பக்கம் வெயிலடிக்குதுங்க என்று சொல்லி முதலாளியை வலது பக்கம் நகர்த்தினேன். அவர் நகர்ந்தார். தேய்மானம் நகரவில்லை.

புது ஜோடி மாட்டிய அன்று முதலாளி என்னைக் கூப்பிட்டார். “ஏப்பா, இதுதான் கடைசி. இதுவும் தேஞ்சுதுன்னா டிரைவரை ஊட்டுக்கு அனுப்பிப்போடு. அப்பிடியே நீயும் கூடப் போயிரு.”

டிரைவருக்குக் கல்யாண வயதில் மூன்று பெண்கள். எனக்குக் கைக்குழந்தை. வேறு வழியில்லாமல், முதலாளி தன் வெள்ளகோவில் தோட்டத்துக்குக் கிளம்பியபோது நானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

அப்போதெல்லாம் அந்தச் சாலையின் நடுவில் ஒரு வண்டி அகலத்துக்குத்தான் தார், இரண்டு பக்கமும் சரளைக்கல். எதிரே வண்டி வந்தால் கடைசிவரை முறைத்துக்கொண்டே வந்து, ஆளுக்குப் பாதி மண்ணில் இறங்குவது வழக்கம். நம்மவர் அப்படியில்லை. தூரத்தில் லாரி புள்ளியாகத் தெரிந்ததுமே இடது சக்கரங்களைச் சரளையில் இறக்கிவிட்டு, கையை நீட்டி, “நீங்க போங்க” என்றார். லாரிக்கு மட்டுமா? மாட்டுவண்டிக்கு இறங்கினார். சைக்கிளுக்கு இறங்கினார். வெள்ளாட்டுக்கு இறங்கினார். ஆட்டுக்கும் அதே ‘ங்க’. ஒவ்வொரு தடவை ஏறும்போதும் தாரின் உடைந்த விளிம்பு டயரைச் சுரண்டும் சத்தம் கேட்டது. என் உத்தியோகத்தையே சுரண்டுகிற மாதிரி இருந்தது.

“ஏனுங்கண்ணா, ஆடு தானா ஒதுங்காதுங்களா?”

“அதும் ஒரு சோலியாத்தானுங்க போகுது.”

“நமக்குச் சோலி இல்லீங்களா?”

“நம்மளுக்குக் காரு இருக்குதுங்களே. சித்தெ நேரத்துல போயிரலாமுங்க.”

“சரி, ஹாரனாச்சும் அடிக்கலாமில்லீங்களா?”

“நல்லாப் போயிட்டிருக்கறவீங்கள எதுக்குங்க அதட்டிக்கிட்டு?”

அந்தக் கார் ஹாரன் எப்படிக் கத்தும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. படியூர் தாண்டி இவரைப் போலவே இன்னொரு புண்ணியவான் லாரியில் வந்தார். அவரும் இறங்கினார், இவரும் இறங்கினார். இரண்டு பேரும் மண்ணில் நின்றபடி கையை நீட்டிக்கொண்டே இருக்க, காலியான தார் ரோட்டில் ஒரு நாய் ராஜநடை போட்டது. பின்சீட்டில் முதலாளியின் குறட்டை மட்டும் நிற்கவில்லை.

ஊர் திரும்பியதும், “இனிமே எறங்கவே கூடாதுங்க, நம்ம ரெண்டு பேரு பொழப்பும் இதுல இருக்குது,” என்று கெஞ்சினேன். “செரிங்க,” என்றார். சொன்னபடி அடுத்த வாரம் இறங்கவில்லைதான். எதிரே மாட்டுவண்டி வந்தால் காரை நடுரோட்டில் நிறுத்திவிட்டு நடந்துபோய், “எறங்க வேண்டாமுன்னு மேனேஜரு சொல்லிப்போட்டாருங்க, தப்பா நெனச்சுக்காதீங்க,” என்று கும்பிட்டார். ஒவ்வொரு வண்டிக்கும் இதே கதை. வெள்ளகோவில் போய்ச் சேருவதற்குள் வழியெல்லாம் என் மானம் போயிற்று.

“எறங்கித் தொலைங்க,” என்று விட்டுவிட்டேன்.

டயர்கள் கடமை தவறாமல் தேய்ந்தன. ஒரு நாள் மத்தியானம் தோட்டத்தில் வைத்து முதலாளி அதைப் பார்த்துவிட்டார். டயரைக் காலால் உதைத்தார். “ரெண்டு பேரும் நாளைக்குக் கம்பெனிப் பக்கம் வரக்கூடாது,” என்று கத்தினார். கத்திக்கொண்டே இருந்தவர் சட்டென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வேர்வை.

தூக்கிப் பின்சீட்டில் போட்டோம். தலை என் மடியில். அன்று பார்த்துச் சந்தை நாள். ரோடு நிறைய மாட்டுவண்டி. பெரிய டாக்டர் இருப்பதோ திருப்பூரில்.

அண்ணன் முதல் தடவையாக ஹாரனில் கை வைத்தார். எருமைக் கன்று கத்துகிற மாதிரி இருந்தது.

முன்னால் போன வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். அவருக்குக் காரைத் தெரியும், அந்தக் கார் ஹாரன் அடிக்காது என்பதும் தெரியும். அடுத்த நொடி மாட்டை இழுத்துச் சரளையில் இறக்கிவிட்டு, “நீங்க போங்க,” என்றார். அடுத்த வண்டியும் இறங்கியது. எதிரே வந்த லாரி இறங்கியது, பஸ் இறங்கியது. ஆட்டுக்காரர் ஒருவர் கோலைக் குறுக்கே பிடித்து மந்தையையே பள்ளத்தில் தள்ளினார். வழி நெடுக நீட்டிய கைகள், வழி நெடுக அதே சொல். அண்ணன் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, துடைக்க ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. திருப்பூர் வரை எங்கள் இடது சக்கரம் ஒரு தடவைகூட மண்ணைத் தொடவில்லை.

கொஞ்சம் தாமதித்திருந்தாலும் ஆள் இல்லை என்றார் டாக்டர். கட்டிலில் கண் திறந்த முதலாளி என்னைப் பார்த்து, “அந்தாளுக்கு வேணுங்கற டயரை வாங்கிக் குடுப்பா,” என்றார். அதாவது மறுபடியும் கோயம்புத்தூர், மறுபடியும் நான், மறுபடியும் என் பல். அடுத்த வாரமே அண்ணன் ஒரு கோழிக்கு இறங்கினார்.

அவர் போய்ப் பல வருடமாகிறது. நான் இப்போது சொந்தக் கார் ஓட்டுகிறேன். எதிரே யார் வந்தாலும் கை தானாக ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடிக்கிறது, நானும் திட்டிக்கொண்டே இறங்குகிறேன். போன மாதம் மெக்கானிக் கேட்டார், “ஏனுங்க சார், இடது பக்கம் மட்டும் ஏன் இப்பிடித் தேயுது?”

“அந்தப் பக்கம் லோடு ஜாஸ்திங்க,” என்றேன்.