தையல்காரர் வாய் திறந்தார்

செத்தாலும் சரி, பெண்டாட்டியிடம் மட்டும் வாயைத் திறப்பதில்லை என்று தையல்காரர் முடிவுகட்டினார். வாய்க்குள் இருந்த விஷயம் அப்படி. காலையில் பல் தேய்க்கும்போது கண்ணாடியில் பார்த்தார். இடது கன்னத்தின் உட்புறம், பாலாடை ஒட்டினாற்போல ஒரு வெள்ளைத் திட்டு. விரலால் தேய்த்தார். போகவில்லை.

அந்த இடத்தில்தான் வருஷக்கணக்காகப் புகையிலை அடக்குகிறார். மனைவிக்குத் தெரியாமல். உதட்டில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு நிற்கும் தையல்காரரிடம் யார் பேச்சுக் கொடுப்பார்கள்?

டாக்டரிடம் போனால் மனைவிக்குத் தெரியும். போகாவிட்டால் எமனுக்குத் தெரியும். எமன் தேவலை, குறுக்கு விசாரணை செய்யமாட்டான்.

"ஏன் காரமே வேணாங்கறீங்க?" என்று சோறு போடும்போது கேட்டாள் மனைவி.

"வயசாச்சுல்ல."

"யாருக்கு?"

"நாக்குக்கு."

மறுநாள் மனைவி தன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"பல்வலி உயிர் போகுதுங்க. துணைக்கு வாங்க."

பல் ஆஸ்பத்திரியில் அந்தச் சாய்வு நாற்காலியைப் பார்த்ததும் பின்வாங்கினாள்.

"எனக்குப் பயமா இருக்கு. நீங்க முதல்ல உட்கார்ந்து காட்டுங்க."

வீட்டில் வீரத்தைக் காட்ட வாய்ப்பே கிடைக்காத மனுஷன், விடுவாரா? ஏறிப் படுத்தார். நாற்காலி சாய்ந்தது. முகத்துக்கு மேலே விளக்கு எரிந்தது.

"இடது கன்னம், டாக்டரம்மா," என்றாள் மனைவி. "கீழ்க் கடைவாய்ப் பக்கம். வெள்ளைத் திட்டு. ஒரு மாசமாப் பார்க்கறேன், போக மாட்டேங்குது."

தையல்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நீ எப்படிடி பார்த்தே?"

"முழிச்சிருக்கும்போதுதானே வாயை மூடிக்கறீங்க? தூங்கறப்ப குகை மாதிரி திறந்து கிடக்கு. டார்ச் அடிச்சா குடல் வரைக்கும் தெரியுது."

டாக்டரம்மா கையுறை விரலால் தடவிப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பில்லை. "துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பணும்."

"அதுவா இருக்குமோ?" என்றாள் மனைவி. புற்றுநோய் என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை. பல்வலி போன இடம் தெரியவில்லை. தையல்காரரின் சட்டைக் கையை அவள் பிடித்த பிடியில், அவரே போட்ட இரட்டைத் தையல் பிரிந்தது.

முடிவு வருவதற்குள் இருவரும் பாதியாக இளைத்தார்கள். தையல்காரர் ஒருவருடைய சட்டையை இரண்டு காலர் வைத்தும், இன்னொருவர் சட்டையைக் காலரே இல்லாமலும் தைத்தார்.

"புற்றுநோய் இல்லை," என்றார் டாக்டரம்மா. "ஆனா அதுக்கு வாசல் திறந்து வச்சிருந்தீங்க. இன்னும் புகையிலை போட்டா நிச்சயம் உள்ளே வந்துடும். அடிக்கடி வந்து காட்டணும்."

தையல்காரர் நெஞ்சை நிமிர்த்தி எழுந்தார். "இந்த நிமிஷத்தோட விட்டேன், டாக்டரம்மா. எவ்வளவு கஷ்டமா இருந்தாலும் பல்லைக் கடிச்சிட்டுத் தாங்கிக்குவேன். எனக்கு மனவுறுதி ஜாஸ்தி."

மனைவி அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"நீங்க விட்டு ஒரு மாசம் ஆச்சுங்க. இத்தனை நாள் அடக்கினது, நான் பொட்டலத்துல மாத்தி வச்ச நம்ம வீட்டுத் தேயிலை."